மைக் அக்காவின் பிரசங்கத் தாள்

மைக் அக்கா பிரசங்கம் செய்யத் தொடங்கினால் நான்காவது நிமிடத்தில் கேட்பவர்கள் அனைவரும் தூங்கிவிடுவார்கள். சலிப்பில் வரும் தூக்கம் எல்லாச் சபைகளும் அறிந்ததுதான். இது அது அல்ல. தலை சாயும் முன்பே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைக்கச் செய்கிற, குறட்டையில்லாத, வாய் பிளக்காத தூக்கம். அவர் ‘ஆமென்’ என்றதும் எல்லோரும் ஒரே நொடியில் விழிப்பார்கள். அப்போதுதான் முகம் கழுவி வந்தவர்கள்போல் இருப்பார்கள். அவருடைய கிறிஸ்தவ ஊழியப் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில், பிரசங்கக் கலை என்ற தாளுக்கான பயிற்சியின்போது, ஒரு சனிக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு இது தெரியவந்தது. அதற்கு முன் அவருக்கே தெரியாது.

மைக் அக்கா என்பது பேருந்து நிலையம் வைத்த பெயர். இருபத்தோரு வருடமாக அங்கே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிவந்தார். அந்தக் குரலைக் கேட்டு யாரும் தூங்கியதில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடியவர்கள்தான் அதிகம். கூண்டின் கண்ணாடியில் கையளவு ஓட்டை ஒன்று உண்டு. விசாரிக்க வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதன் வழியே வண்டியைப் பற்றிக் கேட்பார்கள். பத்தாவது ஆள் கேட்கும் கேள்விக்கு வண்டி கிடையாது. ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த ஒருவர், கையில் ஒரு பெண்ணின் செருப்பு ஜோடியைப் பிடித்தபடி, “இப்ப நான் எங்க போகணும் மேடம்?” என்று கேட்டார். அக்காவுக்குத் தெரிந்தது ஒரே பதில்தான். “எந்த ஊருங்க?” என்றார். அந்த மனிதர் செருப்பு ஜோடியோடு நடந்து போய்விட்டார். அன்று அக்காவின் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே வீடு திரும்பியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஓர் இறையியல் கல்லூரி, வேலையை விடாமலே நான்கு வருடத்தில் ஊழியப் பட்டம் தருகிறது. பாடப் புத்தகங்கள் தபாலில் வரும், விரிவுரைகள் கணினியில் வரும், சனிக்கிழமைதோறும் உள்ளூரிலேயே வகுப்பு. அக்காவுக்கு அப்போது வயது நாற்பத்தாறு. கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் கருத்துச் சொல்வார். தாளை இரண்டு தரம் படித்தார். “சேரு. ராத்திரி டிவி ரிமோட்டாவது என் கைக்கு வரும்” என்றார்.

வகுப்பு, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடியில் நடந்தது. ஏழு பேர் படித்தார்கள். ஒருவர் பிளம்பர், ஒருவர் பேக்கரிக்காரர், ஓர் அம்மாள் நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பாடம் நடத்தியவர் ஓய்வுபெற்ற போதகர். அவரை ஐயா என்பார்கள். சுவரில் கடவுளின் பண்புகளை அவர் எழுதிப்போட்ட அட்டைக்கு அடியில், ‘இடப்பக்கம் திரும்பத் தடை’ என்ற பயிற்சிப் பள்ளியின் அட்டை கடைசிவரை கழற்றப்படவில்லை. கிரேக்க எழுத்துகளை அக்கா கூண்டுக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் படித்தார். ஒருநாள் வாய் தவறி, எண்ணுக்குப் பதிலாக அந்த எழுத்துகளில் ஒன்றைச் சொல்லி, “காமா நடைமேடையில் வண்டி தயாராக உள்ளது” என்று அறிவித்துவிட்டார். நான்கு பயணிகள் பெட்டியோடு அந்த நடைமேடையைத் தேடிப் போனார்கள். வண்டி நின்றிருந்தது என்றும் நேரத்துக்குக் கிளம்பியது என்றும் பின்னர் சொன்னார்கள். கிரேக்கத் தேர்வில் அக்கா எழுபத்தொன்பது வாங்கினார்.

இப்படி இரண்டு வருடம் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாம் ஆண்டில்தான் பிரசங்கம் வந்தது. மூன்று வாரம் உழைத்து, காத்திருத்தலைப் பற்றிப் பதினெட்டு நிமிடப் பிரசங்கம் ஒன்றை எழுதினார். காத்திருப்பவர்களை அவரளவுக்குப் பார்த்தவர் அந்த வகுப்பில் இல்லை. நான்காவது நிமிடத்தில் பிளம்பர் பேனாவை மூடினார். பேக்கரிக்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஐயா மதிப்பெண் தாளை நெஞ்சில் வைத்துக் கைகட்டிக்கொண்டார். சுவர்க் கடிகாரம் நின்றது. ஜன்னலில் இருந்த இரண்டு புறாக்கள் தலையைச் சிறகுக்குள் செருகின. மாடிக்குக் கீழே பயிற்சி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பெண் வண்டியை ஓரம் கட்டி, கைப்பிரேக் போட்டு, பக்கத்தில் இருந்த பயிற்சியாளரோடு தூங்கினாள். இது நடந்த ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அடுப்பை அணைக்க வேண்டியவர்கள் அணைத்துவிட்டும், குழந்தையைக் கீழே விட வேண்டியவர்கள் விட்டுவிட்டுமே தூங்கினார்கள். ஒரு சிராய்ப்புகூட யாருக்கும் ஏற்பட்டதில்லை. அக்கா தாளை விட்டுக் கண்ணெடுக்காமல் வாசித்ததால் எதையும் பார்க்கவில்லை. ‘ஆமென்’ என்று நிமிர்ந்தபோது எல்லோரும் பளிச்சென்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எப்படி இருந்துச்சுங்கய்யா?”

ஐயா பொய் சொல்லிப் பழகாதவர். “ரொம்ப சுகமா இருந்துச்சும்மா” என்றார். மதிப்பெண் தாள் வெறுமையாக இருந்தது.

செய்முறைத் தேர்வு கணினி வழியே நடந்தது. திரையில் மூன்று கட்டங்களில், மதிப்பெண் போட மூன்று தேர்வாளர்கள் இருந்தார்கள். ஆயிரத்து நூறு கிலோமீட்டர் தூரம் காப்பாற்றும் என்று வகுப்பே நம்பியது. தூரத்தால் விளைந்த வித்தியாசம் இரண்டு நொடிதான். குரல் போய்ச் சேர அவ்வளவு நேரம் பிடித்தது. நான்கு நிமிடம் இரண்டு நொடியில் மூவரும் கண்ணாடியைக் கழற்றினார்கள். பத்து நாளில் கடிதம் வந்தது: தேர்வாளர்களால் மதிப்பிட இயலாமையால் முடிவு நிறுத்திவைக்கப்படுகிறது, மறுதேர்வு எழுதலாம். மறுதேர்வில் கல்லூரி ஐந்து தேர்வாளர்களை உட்காரவைத்தது. ஐவரும் தூங்கினார்கள். இரண்டாவது கடிதம், இந்தத் தாளில் தேர்ச்சி பெறாதவர் நான்காம் ஆண்டுக்குச் செல்ல முடியாது என்பதை நினைவூட்டியது.

அக்கா புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். “நான் சொல்றத ஒரு ஆளுகூட கேட்டதில்லங்க. பஸ்ஸ சொன்னாத்தான் கேக்குறாங்க” என்றார்.

லிஃப்ட் மெக்கானிக் பெட்டியைப் பார்த்தார். எண்ணெய்க் கையைத் துடைத்தார். துணியை மடித்தார். “லிஃப்டுல ஏறினவன் மேல போய்ச் சேந்தானான்னுதான் நாங்க பாப்போம். வழியெல்லாம் முழிச்சிருந்தானான்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தனும் கேட்டதில்ல.”

“எனக்கு மார்க் போடுறது உங்க ஆபீஸ் இல்லையே.”

“அதுக்கு நான் என்ன பண்றது?” என்றவர், குனிந்து பெட்டியை வெளியே இழுத்துவைத்தார்.

இதற்குள் செய்தி பரவியிருந்தது. பயிற்சிக்காக அக்கா சனிக்கிழமை மதியம் சபை மண்டபத்தில் பேசிப் பார்ப்பது வழக்கம். முதலில் பேக்கரிக்காரர் மனைவியைக் கூட்டிவந்தார். விடியற்காலை மாவு பிசைந்தே அந்த அம்மாளுக்குப் பல வருடமாகத் தூக்கம் கெட்டிருந்தது. பிறகு இரட்டைக் குழந்தைகளைப் பெற்றவள் ஒருத்தி வந்தாள். அப்புறம் காவலாளிகள், கணக்காளர்கள், நிச்சயதார்த்தம் நின்றுபோன ஓர் இளைஞன். ஒரு மாதத்தில் மண்டபம் நிறைந்தது; சபைக்கு எந்நாளும் வராதவர்கள் தலையணையோடு வந்தார்கள். சபையின் போதகர் பின்வரிசையில் உட்கார்ந்து, தாமும் தூங்கி எழுந்து பெருமூச்சு விட்டார். “என் பிரசங்கத்துலயும்தான் தூங்குறாங்க. எழுந்திரிச்சு கழுத்து வலிக்குதுங்கிறாங்க!”

அக்காவுக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. ஆனால் வாசிப்பதை நிறுத்தி, தூங்குபவர்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். தூங்கும் முகத்தில் தொழில் தெரிவதில்லை, கோபம் தெரிவதில்லை, யார் யாரோடு பேசாமலிருக்கிறார்கள் என்பதும் தெரிவதில்லை. கூண்டில் இருந்த இருபத்தோரு வருடத்தில் ஒரு முகத்தையும் இவ்வளவு நேரம் அவர் பார்த்ததில்லை. எழுதிவைத்த தாளை விட்டுவிட்டு அந்த முகங்களுக்கு என்ன வேண்டுமோ அதைப் பேசினார். பிரசங்கம் நன்றாக வரத் தொடங்கியது. அதை அறிந்தவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாவதும் கடைசியுமான தேர்வுக்குக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரே நேரில் வந்தார். முப்பது வருடத்தில் ஒரு மதிப்பெண்ணைக்கூட இரக்கப்பட்டுப் போடாதவர் என்று ஐயா முன்கூட்டியே சொல்லிவைத்தார். அவர் வந்த வண்டியை நடைமேடை ஐந்தில் அறிவித்தது அக்காதான். அறிவித்துவிட்டு அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்து, பின்வழியாக ஓடி, வகுப்பில் போய் நின்றார். அலுவலர் மூன்று குவளை காப்பி குடித்தார். மேசையில் மதிப்பெண் தாளை விரித்தார். சாய்மானம் இல்லாத முக்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து, “ஆரம்பிங்க” என்றார்.

நான்காவது நிமிடம் வந்தது. அலுவலர் முக்காலியில் நிமிர்ந்தபடியே தூங்கினார். அக்கா நிறுத்தவில்லை. பதினெட்டு நிமிடமும் அந்த மனிதருக்காகவே பேசினார். அருகில் போய்ப் பார்த்தபோது, சட்டையின் பொத்தான்கள் ஒரு துளை தவறிப் போடப்பட்டிருந்தன, வீட்டில் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாதவர்களுக்கு இருப்பதுபோல. அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அதற்கான ஆறுதலைச் சொன்னார். ‘ஆமென்’ என்றார்.

அலுவலர் விழித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். தாள் நிரம்பியிருந்தது. அறிமுகத்துக்கு, விளக்கத்துக்கு, குரலுக்கு, பொருத்தத்துக்கு என்று பத்துக் கட்டங்களிலும் மதிப்பெண், அடியில் கையெழுத்து. அடையாள அட்டையை எடுத்துக் கையெழுத்தை ஒப்பிட்டார். அவருடையதேதான். விதிப் புத்தகத்தைப் புரட்டி, உரக்கப் படித்தார்: தேர்வாளர் அறையில் இருக்க வேண்டும், தம் கையால் மதிப்பெண் இட வேண்டும், கையெழுத்திட வேண்டும். விழித்திருப்பதைப் பற்றி விதியில் ஒரு வார்த்தை இல்லை. மறுபடி ஒருமுறை தேடினார்.

“அறுபத்தெட்டு. பாஸ்” என்றார். பிறகு, தமக்குள் பேசுவதுபோல், “முழிச்சிருந்தா நான் இவ்ளோ போட்டிருக்க மாட்டேன்” என்றார்.

படியிறங்கிப் போகும்போது பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டதைப் பிளம்பர் பார்த்தார்.

நான்காம் ஆண்டு களப்பணிக்கு அக்காவை அரசு ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டுக்கு அனுப்பினார்கள். வலியில் தூங்காதவர்கள் நிறைந்த இடம் அது. முதல் நாள் நான்காவது நிமிடத்தில் பன்னிரண்டு படுக்கையும் அடங்கின. தொங்கவிட்ட கால்கள் ஆடாமல் நின்றன. நர்சுகளும் தூங்கிவிட்டதால், மறுநாளிலிருந்து இருவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். தலைமை நர்ஸ் அக்காவிடம் கெஞ்சினார்: “சிஸ்டர், அந்தக் கடைசி வார்த்தைய மட்டும் சொல்லாம போயிடுங்களேன். பாவம், சாயங்காலம் வரைக்கும் தூங்கட்டும்.” ஆமென் சொல்லாத பிரசங்கம் செல்லுமா என்று அக்கா ஐயாவிடம் கேட்டார். ஐயா ஒரு வாரம் யோசித்தார். “வாசலுக்கு வெளிய போய்ச் சொல்லும்மா. கேக்க வேண்டியவருக்கு அங்கிருந்தும் கேக்கும்” என்றார். அதன்படியே நடந்தது. அந்த வார்டில் வலி மருந்து பாதியாகக் குறைந்ததை மருந்தகம் எழுதிக்கேட்டது. தலைமை நர்ஸ் காரணம் என்ற இடத்தில் ‘பிரசங்கம்’ என்று எழுதி அனுப்பினார். மருந்தகம் அதைக் கோப்பில் சேர்த்துக்கொண்டது.

பட்டமளிப்பு விழாவுக்கு அக்காவும் கணவரும் இருபது மணி நேரம் வண்டியில் போனார்கள். கருப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் அக்காவுக்கு நன்றாகவே பொருந்தின. மாணவர் சார்பில் நன்றியுரை சொல்ல மட்டும் அவரை அழைக்கவில்லை. கூட்டத்தில் அமைச்சர் ஒருவர் இருந்தார். லிஃப்ட் மெக்கானிக் சான்றிதழை வரி வரியாகப் படித்துவிட்டு, எழுத்துப் பிழை இல்லை என்று உறுதி செய்தார். திரும்பியதும் ஆஸ்பத்திரி அக்காவையே வார்டில் பிரசங்கம் செய்யும் ஊழியராக நியமித்துக்கொண்டது. கூண்டில் இப்போது வேறொருவர் அறிவிக்கிறார்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு புதன்கிழமை, ஆறாம் படுக்கையிலிருந்த தபால்காரம்மா தூங்கவில்லை. இடுப்பு எலும்பு முறிந்து ஐந்து வாரமாகக் கிடந்தவர். ஐந்தாம் நிமிடத்திலும் கண்ணைக் கொட்டிக்கொண்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது நிமிடத்துக்குப் பிறகும் கேட்பவர் ஒருவரின் கண்கள் தம்மைப் பார்ப்பது அக்காவுக்கு அதுவே முதல் தடவை. ஒரே வாக்கியத்தை இருமுறை சொன்னார். எப்படியோ முடித்து வாசலை நோக்கி நகர்ந்தபோது தபால்காரம்மா கையைக் காட்டினார்.

“ஏம்மா, மன்னிக்கிறதப் பத்திச் சொன்னீங்களே. மன்னிச்சிட்டா மறந்தும் போயிடணுமா? எனக்கு அது முடியலையே.”

அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சுற்றிலும் பதினொரு பேர் தூங்க, இருவரும் மாலைத் தேநீர் வரும்வரை தணிந்த குரலில் பேசினார்கள். கிளம்பும்போதுதான் அக்கா கேட்டார், “நீங்க மட்டும் ஏன் தூங்கல?”

“நேத்தே நல்லாத் தூங்கிட்டேனே” என்றார் தபால்காரம்மா. “இன்னிக்குத்தான் கேக்க முடிஞ்சுது.”

தலைமை நர்ஸ் அவர் தூங்காமல் கேட்டதைப் படுக்கைக் குறிப்பில் எழுதினார். டாக்டர் படித்துவிட்டு, இடுப்பை அழுத்திப் பார்த்து, வீட்டுக்குப் போகலாம் என்றார். அதிலிருந்து அந்த வார்டில், பிரசங்கத்தை முழுக்க விழித்துக் கேட்டவரை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எக்ஸ்ரேயும் எடுக்கத்தான் செய்கிறார்கள், அது வழக்கத்துக்காக.