மூன்றாவது சிலிண்டர்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அக்காவின் பிக்கப் வண்டியில் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. எழுத ஒன்றுமில்லாமல் ஈயோட்டிக்கொண்டிருந்த நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அக்காவும் அத்தானும் வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கிப் பிழைக்கிறவர்கள். காலையில் அவள் ஓட்டுவாள், மாலையில் அவர்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மரணம் வந்து கதவைத் தட்டுவதுபோல அந்த இன்ஜின்..." சே. இன்ஜின் இன்ஜினைப்போலத்தான் தட்டியது.

2

மறுபடி. பட்டறை வாசலில் அக்கா ஒரு ஆட்டம் ஆடிவிட்டாள். நாலு பேர் காதில் விழும்படி, "வண்டிய இந்தக் கதிக்குக் கொண்டுவந்தது யாரா இருந்தாலும் சரி, இனிமே சாவியைத் தொடக் கூடாது" என்றாள். ஓட்டுகிறவர்கள் இரண்டே பேர். அத்தான் பிடரியைச் சொறிந்துகொண்டு நின்றார்.

மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு, டீசல் போகிற குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். எந்தச் சிலிண்டருக்கு டீசலை நிறுத்தினால் சத்தம் குறைகிறது என்று பார்க்கிறாராம்.* ஒன்று, அப்படியே. இரண்டு, அப்படியே. மூன்றில் சட்டென்று அடங்கியது. இறுக்கினார், திரும்ப வந்தது.

* நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன். எனக்கு எல்லாச் சத்தமும் ஒரே சத்தம். நம்பி எழுதுகிறேன், நம்பிப் படியுங்கள்.

3

அடியில் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரின் பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து அடியிலிருக்கிற செம்பு தெரிந்தது. ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் கசடு அடைத்து, ஆயில் சரியாகப் போகாமலே வண்டி ஓடியிருக்கிறது. "சிவப்பு லைட் எரிஞ்சிருக்கணுமே" என்று மெக்கானிக் டேஷ்போர்டில் குனிந்தார். ஆயில் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒரு துண்டு, நகம் அளவுக்கு வெட்டிக் கச்சிதமாக ஒட்டியிருந்தது.

மெக்கானிக் அதை உரித்தெடுத்தார். பிறகு அத்தான் சொன்னார்: "நான்தான் ஒட்டினேன். ராத்திரியில கண்ணைக் கூசுச்சு."

அக்கா கையை நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

(இங்கே அக்காவின் முகத்தை வர்ணித்து ஒரு பத்தி இருந்தது. நான் பார்த்தது அவள் முதுகை மட்டும்தான் என்பதால் எடுத்துவிட்டேன்.)

4

பேரிங் உட்காருகிற கிராங்க் தண்டைக் கடைசல் போட்டு, பேரிங் மாற்றி, சல்லடையைப் புதிதாகப் போட்டு வண்டி வந்துவிட்டது. சத்தம் இல்லை. கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் இப்போது இரண்டு வேளையும் அக்காவே ஓட்டுகிறாள். காலமெல்லாம் ஸ்டியரிங் பிடித்த அத்தான் பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து போகிறார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அத்தான் பாத்திரம் கதையோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. டயரில் காற்று கொஞ்சம் குறைந்தாலே ஓரங்கட்டிவிடுகிற ஆள். பயந்தாங்கொள்ளி என்று அக்காவே கேலி செய்வாள். அவர் போய் விளக்கை மூடுவாரா? கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். கடைசியில் மெக்கானிக்கின் வழியைப் பிடித்து, ஆட்களை ஒவ்வொருவராகக் கதையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மெக்கானிக்கை எடுத்தேன், உறுத்தல் போகவில்லை. என்னை எடுத்தேன், கதை கொஞ்சம் நன்றாகக்கூட ஆனது, உறுத்தல் மட்டும் அப்படியே. அத்தானை எடுத்ததும் அடங்கிவிட்டது. அப்படியானால் தப்பு அவர் பக்கம்தான் என்று எழுதி, அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன்.

5

கடைசிப் பக்கத்தில் அக்கா நின்றுவிட்டாள்.

"மூணாவது சிலிண்டர் என்னடி தப்பு பண்ணுச்சு? அடிபட்டது அது. அவ்வளவுதான்."

தாள்களை மடித்து வைத்தாள்.

"டேப் ஒட்டினது நான். லைட் விட்டு விட்டு எரிஞ்சுது. வயர் கோளாறுன்னு நெனச்சேன். அவர் பார்த்தா வண்டியை அங்கேயே நிறுத்திடுவார். வரிசையா லோடு இருந்துச்சு."

அத்தானுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"ஓட்டுறதே ரெண்டு பேர். அவர் ஒட்டலைன்னா யாருன்னு அவருக்குத் தெரியாதா? நான் ஊரைக் கூட்டிக் கத்திட்டேன். என் மானம் போகக் கூடாதுன்னு ஏத்துக்கிட்டார். நானும் கூசாம சாவியை வாங்கிட்டேன்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. சொல்லித் தொலையேன் என்றேன். தினமும் வண்டியில் ஏறும்போது சொல்லத்தான் நினைக்கிறாளாம், வாய் வரமாட்டேன் என்கிறதாம்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். அக்கா சாவியை நீட்ட, அத்தான் கண் கலங்கி... இல்லை. அத்தானே சிரித்துக்கொண்டு, எல்லாம் தெரியும் என்று... வேண்டாம், அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

இதில் இன்னொரு சிக்கல். நான் எதை எழுதினாலும் அத்தான் படித்துவிடுவார், லோடுக்குக் காத்திருக்கிற நேரத்தில், வண்டியிலேயே உட்கார்ந்து. அதனால் அக்கா என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். அவள் தன் வாயால் அவரிடம் சொல்லும்வரை இது வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. சரி என்றேன்.

இப்போது இது உங்கள் கையில் இருக்கிறது. ஒன்று, அக்கா சொல்லிவிட்டாள். இல்லையென்றால், அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்க்கச் சகிக்காமல் நான் வாக்குத் தவறிவிட்டேன். எது என்று நான் எழுதப்போவதில்லை. எப்படியும் அத்தான் இதைப் படித்துக்கொண்டிருப்பார். எந்த சீட்டில் உட்கார்ந்து என்பதை நீங்கள் சொல்லுங்கள்.