தாமதமாகப் போய்ச் சேர்ந்த விடைகள்

நெட் சென்டர் அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். சென்டரை இழுத்து மூடி வெகுகாலம் ஆகிறது. ஆளுக்கொரு போன் வந்தபிறகு யார் காசு கொடுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறார்கள்? இப்போது ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். ஆனாலும் அந்தப் பெயர் அவளை விடவில்லை, சென்டரின் ஏழு பழைய கம்ப்யூட்டர்களும் விடவில்லை. வீட்டின் முன்னறையில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்துகொண்டு அவை ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன.

அடுத்த அறையில் தம்பி படுத்திருந்தான். சின்ன வயதில் ஓரிடத்தில் நிற்காதவன் என்பதால் அவனுக்கு வாலு என்று பெயர். தசைகள் ஒவ்வொன்றாக வேலைநிறுத்தம் செய்கிற நோய் அவனுக்கு. முதலில் கால் போயிற்று, பிறகு கை, இப்போது கழுத்து. வாய் மட்டும் முன்பிருந்தபடியே இருந்தது. “எது போனாலும் எனக்கு வாய் போகாது” என்று தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வான்.

அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு வேலை பிடித்துக் கொடுத்தவனும் அவன்தான். அவன் நோய்க்கு மருந்து தேடுகிற ஆராய்ச்சிக்காரர்களிடம் மலைமலையாகக் கணக்கு குவிந்து கிடக்கிறது என்று எங்கோ படித்தான். அதைத் துண்டு துண்டாக வெட்டி, விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இணையம் வழியாக அனுப்புகிறார்களாம். சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர் அதைப் போட்டு முடித்து விடையைத் திருப்பி அனுப்பினால் போதும். கூலி கிடையாது.

“பேரீச்சம்பழத்துக்குப் போடறதுக்குப் பதிலா எனக்கு உழைக்கட்டுமே அக்கா” என்றான். எல்லாவற்றையும் பதிந்து ஓடவிட்டதோடு அவன் விரல்களும் ஓய்ந்துவிட்டன.

அவளும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தம்பிக்கு ஊட்டினாள், துடைத்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள். அதெல்லாம் நோய்க்குப் பணிவிடை செய்வதுபோல்தான் அவளுக்குப் பட்டது. நோயை எதிர்த்து அந்த வீட்டில் நடந்த வேலை இந்த ஒன்றுதான். எழுப்பினால் லேசில் கண் திறக்காத பெட்டிக்குக் கும்பகர்ணன் என்று பேர் வைத்தாள், கர்கர் என்று இழுக்கிற இன்னொன்றுக்கு ஆஸ்துமா. எந்தப் பெட்டியாவது ஒரு துண்டை முடித்துவிட்டால் முன்னறையிலிருந்தே கத்துவாள்: “டேய் வாலு, ஆஸ்துமா ஒண்ணு அனுப்பிட்டாடா!”

“அவளுக்கு ஒரு சோடா வாங்கிக் குடு!” என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

ஏழும் சேர்ந்து கக்குகிற அனல் சுவரைத் தாண்டி அவன் அறைக்குள்ளும் வந்தது. வியர்வை கண்ணில் இறங்கினால் துடைக்கக் கை வராது. அக்கா வரும்வரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடப்பான். அவனைப் பார்க்க வருகிற நர்ஸம்மா ஒருநாள் சத்தமே போட்டுவிட்டாள்.

“இந்த சூட்டுல இவருக்கு மூச்சு வாங்குது. அந்தப் பெட்டிங்களை முதல்ல நிறுத்துங்க!”

வாலு ஒப்புக்கொள்ளவில்லை. “சூடு அடிக்குதுன்னா வேலை நடக்குதுன்னு அர்த்தம். நீ நிறுத்தாதக்கா” என்றான். அவள் நிறுத்தவில்லை.

அப்படி இருக்கும்போது கும்பகர்ணன் ஒரேயடியாகத் தூங்கிவிட்டான். சென்டர் நாளிலிருந்து பழக்கமான சர்வீஸ்காரரைக் கூப்பிட்டாள். வந்தவர் மூடியைக் கழற்றி, தூசியில் நாலு தும்மல் போட்டு, “என்னம்மா, மியூசியம் ஏதும் வைக்கப் போறியா?” என்றார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு ஆச்சரியம்.

“இதுங்களை வச்சா? விடையெல்லாம் ஒழுங்கா போய்ச் சேருதான்னு அவங்க சைட்ல பாத்தியா?”

“அனுப்பியாச்சுன்னு இங்கயே காட்டுதே அண்ணே.”

அவர் தன் லேப்டாப்பைத் திறந்து, தம்பி போட்டுவைத்த பாஸ்வேர்டை அவளிடம் கேட்டு உள்ளே போனார். பட்டியலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். பிறகு உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“இங்க வா. இதெல்லாம் நீங்க அனுப்புனது. பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு பாரு.”

தாமதம், தேவையில்லை. தாமதம், தேவையில்லை. அவர் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனார், கடைசிவரை அதுதான்.

“ஒவ்வொரு துண்டுக்கும் கெடு உண்டும்மா. அதுக்குள்ள வரலைன்னா அதையே வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அவன் புது மெஷின்ல காலையில வாங்கி மத்தியானமே முடிச்சுக் குடுத்துடுவான். உன்னோடது போய்ச் சேர்றப்ப அந்தக் கதை எப்பவோ முடிஞ்சிருக்கும். கெடு தாண்டுனா தேதி செவப்பாயிடுமே, நீ பாக்கலியா?”

பார்த்தாள்தான், தினமும் பார்த்தாள். அவள் சென்டரிலும் நேரம் முடிந்தால் திரையில் சிவப்பு வரும். அதற்காக யாரையும் அவள் எழுப்பிவிட்டதில்லை. பாதி விண்ணப்பத்தில் இருப்பவனை எப்படி எழுந்திரு என்பது? முடிச்சுட்டே வாங்க என்பாள். கணக்கு அனுப்புகிற ஆராய்ச்சிக்காரர்களும் அவளைப்போலத்தான் இருப்பார்கள் என்று நினைத்துவிட்டாள்.

“கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா பொறுத்துக்குவாங்கன்னு இருந்துட்டேன் அண்ணே.”

“பழைய மெஷின் எதுக்குமே ஆகாதுன்னு சொல்ல வரல. நட்சத்திரம் ஆராயறவங்க இருக்காங்க. அவங்களுக்கு ஆடி அசைஞ்சு குடுத்தாலும் வாங்கிக்குவாங்க, அவசரமே கிடையாது. இந்த நோயை ஆராயறவங்களுக்குத்தான் அவசரம்.”

“எங்களுக்கும் அவசரம்தானே அண்ணே” என்றாள்.

அவர் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தார். கும்பகர்ணனைத் திறந்த மேனிக்கே விட்டுவிட்டு, கூலி எதுவும் கேட்காமல் கிளம்பிப் போனார்.

அவள் முன்னறையில் நின்றாள். ஒன்றாவது சேர்ந்திருக்கக் கூடாதா? தப்பித்தவறி ஒரே ஒரு துண்டு? பெட்டிகள் வீணாக ஓடியதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை, இரும்புக்கு என்ன வந்தது? அந்த அனலில் ஒரு மனுஷனைப் போட்டு வாட்டியிருக்கிறாள். மூச்சு வாங்க வாங்க அவனும் பொறுத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். போனது போகட்டும், அவன் மூச்சாவது மிஞ்சட்டும் என்று, ஓடிக்கொண்டிருந்த ஆறு பெட்டிகளையும் ஒவ்வொன்றாக அணைத்தாள். கடைசிப் பெட்டியும் நின்றதும் வீடு முழுக்க நிசப்தம்.

“அக்கா! அக்கா, இங்க வாயேன்!”

ஓடினாள். வாலுவின் கண்கள் விரிந்திருந்தன.

“எல்லாமே நின்னுடுச்சே! கணக்கு தீந்துபோச்சாக்கா? மருந்து கண்டுபிடிச்சுட்டாங்களா?”

அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றும் சொல்ல வரவில்லை.

“கரண்ட் போயிடுச்சுடா” என்றாள்.

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவன் கண்கள் மேலே போய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றன. அந்த வாயிலிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ள அவனால் ஆகாது, அதனால் கண்ணை மூடிக்கொண்டான். அவள் துவாலையை எடுத்து அவன் நெற்றியைத் துடைத்தாள்.

“கரண்ட் வந்ததும் மறக்காம போட்டுடுக்கா” என்றான், கண்ணைத் திறக்காமலே.

அவள் எழுந்து போய் ஒவ்வொன்றாகப் போட்டாள்.