இதுல நம்ம ஆளுங்க யாரு?

அத்ஹமுக்குத் தங்கையோடு தொலைபேசியில் பேச எப்போதும் ஒரு காரணம் வேண்டும். பெருநாளாக இருக்கும், யாருக்காவது பிள்ளை பிறந்திருக்கும், யாராவது போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவன் இருக்கும் நமங்கானிலிருந்து அவள் வாழ்க்கைப்பட்ட அந்திஜான் ஒன்றும் கண்காணாத சீமையில்லை. ஷேர் டாக்சியில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும். இருந்தும் அவளைச் சும்மா கூப்பிட்டுப் பேசிய நினைவே அவனுக்கு இல்லை. அதனால் அந்த வசந்தத்தில் ஒரு நாள், தன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவள் எண்ணை அழுத்துவதற்குள் இரண்டு தடவை ஃபோனைக் கீழே வைத்துவிட்டான்.

"முஹய்யோ, நான்தான்."

"அண்ணே! என்னாச்சு? அம்மாவுக்கு ஏதாவது...?"

"ஒண்ணும் இல்ல, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். ஞாயித்துக்கிழம மேட்ச் இருக்கு. உங்க அந்திஜான்காரங்க இங்க உதை வாங்க வர்றாங்க. நீயும் வாயேன், பாக்கலாம்."

"மேட்ச்சுக்கா? நானா?"

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுவது மட்டும் கேட்டது. பிறகு குழாயை மூடினாள்.

"சரிண்ணே, வரேன்."

அந்த மௌனத்தைச் சந்தோஷம் என்றே அத்ஹம் எடுத்துக்கொண்டான்.

அவனுக்கு இந்த யோசனையைத் தந்தவள் மகள் லோலா. பன்னிரண்டு வயது. மைதானத்துக்கு அப்பாவோடு போகாத ஆட்டம் கிடையாது. இப்போதெல்லாம் பெண்கள் வருவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முகத்தில் சாயம் பூசிய பெண்கள் ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்து மேளம் தட்டுகிறார்கள். ஒரு நாள் லோலா கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு ஆஃப்சைடு சொல்லிக் குடுத்தது யாரு? தாத்தாவா?"

"உங்க அத்தை."

"அந்திஜான் அத்தையா? அவங்களுக்கு ஃபுட்பால் புடிக்குமா?"

"என்னைவிட."

"அப்புறம் ஏன் நீங்க அவங்களக் கூப்பிடவே இல்ல?"

அத்ஹம் வண்டியைக் கிளப்பினான். ஆனால் கேள்வி அவனை விடவில்லை. கடையில் பெல்ட்டும் பேரிங்கும் எடுத்துக் கொடுக்கும்போதும் காதருகே நின்றுகொண்டே இருந்தது.

அவர்களுடைய அப்பா நகரப் பேருந்து ஓட்டினார். உள்ளூரில் ஆட்டம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அவருக்கு வேறு வேலை ஓடாது. மகனை ஒரு கையிலும் மகளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போவார். சிமென்ட் படியில் செய்தித்தாளை விரித்து, நடுவில் முஹய்யோவை உட்கார வைப்பார். அவளுக்கு ஆட்டம் தெரிந்தது. பந்து போகும் முன்பே அது எங்கே போகும் என்று தெரிந்தது. "இப்பப் பாருங்கப்பா, இடது பக்கம் தள்ளுவான்," என்பாள். தள்ளுவான். முன்வரிசையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அத்ஹம் அவளைவிட மூன்று வயது மூத்தவன். ஆஃப்சைடு என்றால் என்ன என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை. ஒரு நாள் அவள் சாப்பாட்டு விரிப்பில் ஆப்ரிகாட் கொட்டைகளைப் பரப்பி, இது நம்ம ஆள், இது அவங்க ஆள் என்று நகர்த்தி நகர்த்திக் காட்டிய பிறகுதான் விளங்கியது.

வளர்ந்த பிறகும் அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். பதினாறு வயதில் ஒரு ஆட்டத்தில் ரெஃப்ரி பெனால்டி கொடுக்கவில்லை என்று படிமேல் ஏறி நின்று, அவனுடைய கண்ணையும் அந்தக் கண்ணைச் சோதிக்காத வைத்தியரையும் சேர்த்துத் திட்டினாள். வரிசையே கொல்லென்று சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அத்ஹமின் நண்பர்கள் இரண்டு படி மேலே இருந்தார்கள்.

"டேய் அத்ஹம், உன் தங்கச்சிய கோச்சாப் போட்டுரலாம்டா," என்றான் ஒருவன்.

"கோச்சாப் போடலாம். எவன் கட்டிக்குவான்?" என்றான் இன்னொருவன்.

அன்று மாலை அத்ஹம் அப்பாவிடம் போய், "இனிமே அவ வந்தா நான் வரமாட்டேன்," என்றான். "ஊரே சிரிக்குது."

"ஊர் சிரிக்குதா, உனக்கு வெக்கமா இருக்கா?" என்று கேட்டார் அப்பா.

"ரெண்டும்தான்."

அடுத்த ஆட்டத்தன்று முஹய்யோ காலணியை மாட்டிக்கொண்டு வாசல் கதவருகே நின்றாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல், "இன்னிக்கு வேண்டாம்மா. கூட்டம் ஜாஸ்தி," என்றார். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, அத்ஹமைத்தான் பார்த்தாள். குனிந்து காலணியைக் கழற்றினாள். சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்ததும் அத்ஹமிடம், "எத்தனை?" என்று கேட்டாள். சொன்னான். "கோலுக்கு யாரு பாஸ் குடுத்தது?" அத்ஹமுக்குத் தெரியவில்லை. அவள் உள்ளே போனாள். பிறகு அவள் எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. சில வருஷத்தில் அந்திஜானில் கட்டிக்கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டாக்சி நிறுத்தத்தில் அத்ஹமும் லோலாவும் காத்திருந்தார்கள். முஹய்யோ நல்ல பட்டுத்துணி உடுத்தி, தோளில் பெரிய பையோடு இறங்கினாள். கல்யாண வீட்டுக்கு வந்தவள் போல இருந்தாள். லோலா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, நமங்கான் அணியின் கழுத்துத்துணி ஒன்றை அவள் கழுத்தில் சுற்றிவிட்டாள். அத்ஹம் நடு மைதானத்துக்கு நேரே, நல்ல இடமாகப் பார்த்து டிக்கெட் வாங்கியிருந்தான். பழைய சிமென்ட் படி இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் நாற்காலிகள். முஹய்யோவை நடுவில் உட்கார வைத்தான்.

"அட, எவ்வளவு பொண்ணுங்க!" என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அந்தப் பொண்ணு மூஞ்சிய பாரு லோலா. இத எப்படிக் கழுவுவா?"

ஆட்டம் தொடங்கியது. அத்ஹம் ஒரு கண்ணை மைதானத்திலும் ஒரு கண்ணைத் தங்கை மேலும் வைத்திருந்தான். எப்போது வாயைத் திறப்பாள், எப்போது "இப்பப் பாருங்க" என்பாள் என்று காத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவள் அவன் பக்கம் சாய்ந்தாள்.

"அண்ணே, இதுல நம்ம ஆளுங்க யாரு?"

அத்ஹம் வாய்விட்டுச் சிரித்தான். "பாருடி லோலா இவள! அந்திஜான் மருமகளாயிட்டா, அதான் கிண்டல் பண்றா."

முஹய்யோ சிரிக்கவில்லை. "இல்லண்ணே, நெசமாத்தான் கேக்கறேன். சட்டை மாறிப்போச்சு போல."

லோலா உற்சாகமாக விளக்கத் தொடங்கினாள். இவன் யார், அவன் எந்த ஊரிலிருந்து வந்தான், எவனுக்குப் போன வருஷம் முட்டி போனது எல்லாம். முஹய்யோ தலையை ஆட்டிக் கேட்டாள், குழந்தை பள்ளிக்கூடப் பாட்டைப் பாடிக் காட்டும்போது கேட்கிற மாதிரி. நமங்கான் கோல் போட்டது. மைதானமே எழுந்து குதித்தது. அவளும் எழுந்தாள், ஒரு நொடி தாமதமாக. இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பை விழுந்துவிடப் போகிறதே என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தட்டுவதற்குத் தூக்கிய கைகளை அத்ஹம் கீழே இறக்கினான்.

இடைவேளையில் முஹய்யோ பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். லோலாவுக்கு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, மூடியில் கறுப்பாக ஊற்றி அத்ஹமிடம் நீட்டினாள். தேநீர் என்று நினைத்து வாங்கியவன் வாசனையில் நிமிர்ந்தான்.

"காப்பியா? நீ காப்பி குடிப்பியா?"

"ரொம்ப வருஷமா குடிக்கறேனே."

"எனக்குத் தெரியாதே."

"நீங்க கேட்டதில்லையே," என்றாள், சாதாரணமாக.

பிறகு அவள் பேசினாள். அன்று வந்ததிலிருந்து அவ்வளவு பேசவில்லை. தாஷ்கண்டிலிருந்து ஒரு பெண் பச்சைக் காப்பிக்கொட்டை அனுப்புவாளாம். இவளே வாணலியில் போட்டு வறுப்பாளாம். "மொதல் தடவ வறுக்கறப்ப எங்க மாமியார் சோத்தத் தீச்சுட்டேன்னு நெனச்சு வாளித் தண்ணியோட ஓடி வந்துட்டாங்க." கொட்டை வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு எப்போது இறக்குவது என்று தெரிந்துகொள்ள ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது. ஒரு நொடி பிந்தினால் கரி, முந்தினால் புல் வாசம். "இது இருக்கே, இதுல கடைசியில லேசா ஒரு புளிப்பு வரும், பழுக்காத ஆப்ரிகாட் மாதிரி. கவனிச்சீங்களா?" அவள் கண்ணில் அந்தப் பழைய வெளிச்சம் இருந்தது. இடது பக்கம் தள்ளுவான் பாருங்கப்பா என்று சொல்லும்போது இருந்த அதே வெளிச்சம்.

"காலைல எல்லாரும் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி போட்டுக்குவேன். அந்த நேரத்துல யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்க. யாருகூடயும் போக வேண்டியதில்ல. யாரும் கூட்டிட்டுப் போகவும் வேண்டியதில்ல."

அத்ஹம் ஒரு வாய் குடித்தான். கசந்தது, புளித்தது. "நல்லாருக்கு," என்றான்.

"பொய். மூஞ்சியே சொல்லுதே." அவள் சிரித்தாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. "முஹய்யோ, அன்னிக்கு நான்... அப்பாகிட்ட உன்னக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னு சொன்னது நான்தான்."

"என்னிக்கு?" என்றவள், பிறகு, "ஓ, அதுவா," என்றாள். "எனக்குத் தெரியுமே. அப்பவே தெரியும்."

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அவள் மூடியை வாங்கித் துடைத்தாள். "ஒரு வருஷம் அழுதேண்ணே. ரேடியோவ போர்வைக்குள்ள வச்சுக்கிட்டுக் கேப்பேன். அப்புறம் கல்யாணம், புள்ளைங்க. எப்ப விட்டுதுன்னே தெரியல, விட்டுருச்சு. இப்ப பந்து அங்கயும் இங்கயும் போகுது, அவ்வளவுதான் தெரியுது." மூடியைப் பிளாஸ்க்கில் திருகினாள். "அப்பாதான் பாவம். உசுரோட இருந்த வரைக்கும், அந்திஜான் வர்றப்பெல்லாம் முழு மேட்ச்சையும் சொல்லுவாரு. யாரு யாருக்குத் தந்தான், எங்க விட்டான்னு கையக் காலை ஆட்டிக்கிட்டு. எனக்குக் கேக்கவே புடிக்காது. ஆனா அவரு சொல்லி முடிக்கட்டும்னு உக்காந்திருப்பேன்."

அப்பா அப்படிச் செய்தார் என்பது அத்ஹமுக்கு அன்றுதான் தெரியும். அவனோடு மைதானத்திலிருந்து திரும்பி வரும்போது அவர் பெரும்பாலும் பேசாமலேதான் வருவார். களைப்பு என்று நினைத்திருந்தான்.

இரண்டாம் பாதியில் அவன் பந்தைப் பார்க்கவே இல்லை. அவள் விரல்களைப் பார்த்தான், பாதத்தைப் பார்த்தான். ஒரு முறையாவது பந்தோடு சேர்ந்து அவை அசையுமா என்று பார்த்தான். அசையவில்லை. அந்திஜான் ஒரு கோல் திருப்பிப் போட்டது. கடைசி நிமிடத்தில் இன்னொன்றும் போட்டு ஜெயித்தது. லோலா உடைந்துபோய் அழுதாள். முஹய்யோ அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, "அழாத கண்ணு, அடுத்த தடவ நம்மாளுங்க போடுவாங்க," என்று முதுகைத் தடவினாள். தோற்றது அவளுக்கு வலிக்கவே இல்லை என்பது அந்தக் கையின் நிதானத்திலேயே தெரிந்தது.

டாக்சி நிறுத்தத்தில் அவள் வண்டிக்குள் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கினாள். "நல்ல நாளுண்ணே. லோலாவ லீவுக்கு அனுப்புங்க. வறுக்கறதச் சொல்லித் தரேன்."

"நானும் வரேன்."

"வாங்க. ஒரு ஃபோன் போட்டுட்டு வாங்க," என்றாள்.

நோன்புப் பெருநாளுக்கு அவன் மனைவியோடும் மகளோடும் போனான். ஃபோன் போட்டுவிட்டுத்தான் போனான். விரிப்பு நிறையப் பலகாரம், எல்லாருக்கும் பியாலாக் கிண்ணத்தில் பச்சைத் தேநீர். "எனக்குக் காப்பி," என்றான் அத்ஹம். முஹய்யோ ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். போன முறை கொட்டைதானா, வேறா, எத்தனை நேரம் வறுத்தாய் என்றெல்லாம் கேட்டான். அவள் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள். அன்று மைதானத்தில் பேசியது போலப் பேசவில்லை. லோலாவைத்தான் சமையலறைக்கு அழைத்துப்போனாள். அங்கிருந்து இருவர் சிரிப்பும் கேட்டது. அத்ஹம் கூடத்தில் மைத்துனரோடு டயர் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் மனைவி கேட்டாள்: "அவகிட்ட அப்படி என்னதான் கேட்டுக்கிட்டிருந்தீங்க?"

"காப்பியப் பத்தி."

"உங்களுக்குக் காப்பியப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது," என்றான் அத்ஹம். பின் இருக்கையில் லோலா தூங்கிப் போயிருந்தாள். அவள் உடையில் வறுத்த வாசனை இருந்தது.