தோளுக்கு மேலே போகாத கத்தரி

“தூக்காதேன்னா கேக்க மாட்டியா அக்கா? தசையில அழற்சின்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீ பாட்டுக்குத் தண்ணி பாட்டிலத் தூக்கிட்டு உக்காந்திருக்கே.”

“அதே டாக்டர்தான்டா தூக்கச் சொன்னாரு. காதைக் கழட்டி வச்சுட்டா வந்திருந்தே?”

முடிதிருத்தும் கடையில் அக்காளும் தம்பியும் போட்ட சத்தம் எதிரே என் வீடுவரை கேட்டது. நான் ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்தேன். காலையில் துடைத்த ஜன்னல்தான்.

அக்காளுக்குக் கை தோளுக்கு மேலே எழும்பாது. உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் செல்கள் அவள் தசைக்குள்ளேயே புகுந்து சண்டை போடுகின்றனவாம். வேடிக்கை என்னவென்றால், நொந்த தசைச் செல்களே சேதி விட்டு அவற்றை மேலும் மேலும் கூப்பிடுமாம். மாத்திரையோடு அளவாக வேலையும் கொடுத்தால், அதே தசை அந்தக் கூப்பாட்டைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுமாம். எல்லாம் அவள் வாயிலிருந்து பிடுங்கியதுதான்.

தம்பிக்குப் பயம். அவளுக்கோ அவசரம். அவசரத்தின் பெயர் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த பஸ் டிரைவர். அவள் கத்தரியைக் கீழே வைத்த நாளிலிருந்து அவர் தலையில் வேறு கை படவில்லை. தம்பி கூப்பிட்டால், “அக்காவுக்குச் சரியாகட்டும்” என்பார். தெரு அவருக்குப் ‘புதர்’ என்று பேர் வைத்தது. அவர் முடி தோளைத் தொட்டுவிட்டது. அவள் கை தோளைத் தாண்டவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை? இரண்டும் ஊமைக் கோட்டான்கள்.

அன்று சண்டைக்கு நடுவே அவரே வந்தார். நானும் சீப்பு வாங்கும் சாக்கில் பின்னாலேயே நுழைந்தேன்.

“மாற்றல் வந்திருச்சுங்க. நாளைக்குக் கிளம்பணும். இந்தத் தலையோட போனா வண்டி தர மாட்டாங்க.”

“தம்பி வெட்டுவான்,” என்றாள், தரையைப் பார்த்தபடி.

அவரோ அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால், முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டார். கையை உயர்த்தத்தான் இத்தனை மாதம் பாடுபட்டோம். தலையைத் தாழ்த்தலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தம்பியே கத்தரியை எடுத்துக் கொடுத்தான்.

“கழுத்து வலிக்குதா?”

“இல்லைங்க. மெதுவாவே வெட்டுங்க.”

மெதுவாகத்தான் வெட்டினாள். வெட்ட முடி இல்லாத இடத்திலும் வெட்டினாள்.

தம்பிக்கு மறுவருஷம் கல்யாணம் ஆனது. டிரைவர் போன ஊரிலேயே ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டார். அக்காளின் கை இப்போது காதுவரை எழும்புகிறது. டிரைவரின் கல்யாணப் படத்தை என் போனில் நான்தான் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

“இடது காதுக்கு மேல ஏத்தி வெட்டிட்டாங்க,” என்றாள்.