ஒன்பது கைகள்

போன் மூன்றாவது முறையாக அதிர்ந்தபோது தமிழ்வாணி கூட்டம் நடந்துகொண்டிருந்த அறையை விட்டு வெளியே வந்து, மாடிப்படியில் நாலு படி இறங்கி நின்று எடுத்தாள். டயாலிசிஸ் வார்டில் நர்ஸாக இருக்கும் நுஸைபா.

"அக்கா, சார் ஏன் இன்னைக்கும் வரல?"

"மெஷின் ரிப்பேரு, சாயங்காலம்தான் வரச் சொன்னீங்கன்னு அப்பா சொன்னாரே."

எதிர்முனையில் ஏதோ ஒரு மெஷின் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

"மெஷின்லாம் நல்லாத்தான்க்கா இருக்கு. வியாழக்கிழமையும் சார் வரல. ஊருக்குப் போறேன்னு போன்ல சொன்னாரு. செவ்வாய்க்கிழமை பண்ணதுதான் கடைசி. கால் வீங்கியிருக்கா? மூச்சு வாங்குதா?"

காலையில் செருப்புக்குள் அப்பாவின் கால் நுழையவில்லை. வாரைக் கழற்றிவிட்டுத்தான் மாட்டிவிட்டிருந்தாள். அதைச் சொன்னாள்.

"பொட்டாசியம் ஏறியிருந்தா எப்ப வேணாலும் நெஞ்சு நின்னுரும்க்கா. எங்க இருந்தாலும் உடனே கூட்டிட்டு வாங்க. நான் டாக்டர்ட்ட சொல்லி பெட்டு எடுத்து வைக்கிறேன்."

மணி பத்து ஐம்பது. வியாழக்கிழமை மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது அப்பா இடது கையில் வழக்கம்போலப் பஞ்சும் பிளாஸ்திரியுமாக நாற்காலியில் சாய்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அதைத் தானே ஒட்டிக்கொண்டிருக்கிறார். ஊசியே ஏறாத கையில்.

அவள் மேலே ஏறினாள்.

தெற்கு மாசி வீதிக்குப் பின்னால், ஒரு படிப்பகத்தின் மாடியில் இருந்த அந்த அறை கூடல் தபால்தலை சேகரிப்போர் சங்கத்துக்கு உரியது. சங்கத்தின் செயலாளர் அவளுடைய அப்பா பீமாராவ். ரயிலில் ஓடிக்கொண்டே தபால் பிரிக்கும் வேலையில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் இருநூறு பேர் இருந்த சங்கம். இப்போது பட்டியலில் பத்தொன்பது பெயர். கடைசியாகப் புது ஆள் ஒருவர் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. அன்று வந்திருந்தவர்கள் பதினோரு பேர். அறையின் ஒரு சுவர் முழுக்க ஆல்பங்கள் அடுக்கிய பீரோக்கள். ஆட்களைவிட பீரோக்கள் அதிகமோ என்று காலையில் உள்ளே நுழைந்தபோது அவளுக்குத் தோன்றியது.

மூன்று வருடத்துக்கு முன் பீமாராவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயின. செவ்வாய், வியாழன், சனி வார்டில் நாலாம் பெட். ஒரு கையில் ஊசியோடு நாலு மணி நேரம் விட்டத்தைப் பார்த்துக் கிடப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. பழைய உறைகளிலிருந்து ஊறவைத்து எடுத்த தபால்தலைகளைப் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுபோய்ப் பக்கத்துப் பெட்டுகளுக்குக் கொடுத்தார். காலியாக இருந்த ஒரு கையால் அவர்கள் அவற்றைப் பறவை, ரயில், கோயில் என்று பிரித்தார்கள். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. திங்கள், புதன், வெள்ளி வருகிறவர்கள் செவ்வாய், வியாழன், சனி வருகிறவர்களை ஒருநாளும் பார்ப்பதில்லை. படுப்பது மட்டும் அதே பெட்டில். அட்டையை வெட்டிக் கொடுத்து, ஒரு நாலாம் பெட்டை இன்னொரு நாலாம் பெட்டுக்கு எழுதச் சொன்னார். தங்களுக்குப் பிடித்த புதுத் தபால்தலையை ஒட்டி அனுப்ப வேண்டும். அஞ்சலகத்தின் முத்திரை விழுந்து, தபால்காரர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வந்த அட்டைகளை அவர்கள் மருந்துச் சீட்டுக் கோப்பிலேயே சேர்த்து வைத்துக்கொண்டார்கள். எட்டு மாதத்தில் பன்னிரண்டு பேர் இப்படி எழுதத் தொடங்கியிருந்தார்கள். இந்தப் பன்னிரண்டு பேரையும் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்பதுதான் அவர் அன்று கொண்டுவந்த தீர்மானம்.

ஆனால் சொந்தமாக ஐந்நூறு தபால்தலை வைத்திருப்பவர்தான் உறுப்பினராகலாம் என்பது சங்கத்தின் விதி. விதியை மாற்றக் கூட்டத்துக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கை தூக்க வேண்டும். "பதினோரு பேரு வந்தா எட்டு கை வேணும் தாயி, ஏழு இருக்கு" என்று காலையில் ஆட்டோவில் வரும்போதே கணக்குச் சொல்லியிருந்தார். அது தோற்றால் அடுத்த தீர்மானம் தலைவர் ஜமீல் பாயுடையது. சங்கத்தைக் கலைத்துவிட்டு ஆல்பங்களைச் சென்னையில் ஒரு காட்சிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவது.

தமிழ்வாணி பின்வரிசையைச் சுற்றிப் போய் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"நுஸைபா பேசுச்சுப்பா."

பீமாராவ் அவளைப் பார்த்தார். மறுக்கவில்லை. உதடுகள் சாம்பல் பூத்துக் கிடந்தன.

"வியாழக்கிழமை எங்க போனீங்க?"

"திருப்பரங்குன்றம். ரெண்டு பேரைப் பாத்துப் பேச வேண்டியிருந்துச்சு. நேர்ல போனாத்தான் வருவாங்க." மூச்சுக்கு நிறுத்திச் சொன்னார். "பத்து நிமிஷம் குடு தாயி. கை தூக்கி முடிச்சதும் போயிருவோம்."

அவள் நிமிர்ந்தாள். அந்த இடத்தில் ஒரு வார்த்தை உரக்கச் சொல்லியிருந்தால் போதும். பத்துப் பேரும் எழுந்து அவரை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கியிருப்பார்கள். ஜமீல் பாயே கூட்டத்தை ஒத்திவைத்திருப்பார். அவள் சொல்லவில்லை. கதவோரம் போய் நின்றுகொண்டு, கீழே இருந்த ஆட்டோக்காரருக்குப் போன் செய்து வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

ஜமீல் பாய்தான் பேசிக்கொண்டிருந்தார். எழுபது தாண்டியவர். நாற்பது வருடம் தபால்தலையும் பழைய நாணயமும் விற்றவர். நிதானமாக, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு தபால்தலையின் ஓரத்தில் ஒரு பல் உடைந்திருந்தாலும் தள்ளிவைத்தவர்கள் இந்தச் சங்கத்தை நடத்தினார்கள். ஒட்டி அனுப்பிவிட்டால் அது தபால், எடுத்து வைத்தால்தான் சேகரிப்பு. பத்து ஐம்பத்தெட்டு. ஆள் எண்ணிக்கைக்காகச் சங்கத்தின் தரத்தை இறக்கக் கூடாது. பதினொன்று மூன்று. கடைசியில் கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பீமா, தப்பா எடுத்துக்காத. நீ சேக்கச் சொல்றது வியாதிக்காரங்களை. இந்த வருஷம் பன்னெண்டு, அடுத்த வருஷம் எத்தனை பேரு இருப்பாங்க? நம்ம பேரேட்டுல பேரு அடிக்கிறதே வேலையாப் போயிரும்."

பீமாராவ் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தமிழ்வாணி ஓர் அடி முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"அடிக்க வேண்டியதுதான் பாய். நம்மள்ல ஒருத்தர் போனா இங்க ஒரு நாற்காலி காலி. அப்பறம் அது காலியாவேதான் கெடக்கு. அங்க நான் போன மூணு வருஷத்துல ஒரு பெட்டு ஒரு நாள்கூட காலியாக் கெடந்ததில்ல. நான் போனாலும் மறுவாரம் நாலாம் பெட்டுக்கு ஆள் வரும். அந்த ஆளுக்கு ஒரு கடுதாசி வரணும். அம்புட்டுதான் நான் கேக்குறது."

உட்காரும்போது நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு பின்னால் நகர்ந்தார். தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பதினொன்று பத்து. ஓட்டுக்கு விடச் சொல்லி யாரோ கேட்டார்கள். ஜமீல் பாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

அப்பா வலது கையைத் தூக்கினார். தமிழ்வாணி எண்ணினாள். ஐந்து, ஆறு, ஏழு. ஜன்னலோரம் இருந்த ஒருவர் தாமதமாகத் தூக்கினார். எட்டு. ஜமீல் பாய் எதிரே இருந்த பீமாராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணுவதற்காக நீட்டியிருந்த விரலை மடக்கிக்கொண்டு, தன் கையையும் தூக்கினார்.

ஆட்டோ பழங்காநத்தம் ரவுண்டானாவை நெருங்கியபோது பீமாராவ் கேட்டார்.

"எத்தனை கை?"

"ஒன்பதுப்பா."

"எட்டு போதும்ல" என்றார்.

பாலத்தடியில் நெரிசல். ஆட்டோக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் எதிர்ப்பக்கமாக ஏறிப் போனார். தமிழ்வாணி அப்பாவின் இடது கையைத் தொட்டாள். டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாயை இணைத்துத் தைத்திருந்த இடத்தில் தோலுக்கடியில் எப்போதும் ஒரு துடிப்பு ஓடும். மூன்று வருடமாக, அவர் தூங்கும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துப் பழகிய துடிப்பு. விரலை அங்கே வைத்தபடியே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு இன்னும் இரண்டு கட்டிடம் இருக்கும்போது அது நின்றது. அவள் விரலை எடுக்கவில்லை. ஆட்டோக்காரரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நுஸைபா வாசலிலேயே ஸ்ட்ரெச்சரோடு நின்றிருந்தாள். அரைமணி நேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அந்த எண்ணிக்கைதான் திரும்பத் திரும்ப வந்தது. ஒன்பதில் ஒன்றைக் கழித்தால் எட்டு. அப்பாவின் கை இல்லாமலே எட்டு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவனியாபுரத்தில் அவர்கள் தெருவில் விடியும் முன்பே பந்தல் போட்டுவிட்டார்கள். அம்மா போய் ஆறு வருடம். வீட்டில் அப்பாவும் அவளும்தான். தம்பி தமிழ்மாறன் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேரும்போது வெளிச்சம் வந்திருந்தது. ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றான். அவளிடம் அதிகம் பேசவில்லை.

ஒன்பது மணிக்கு மேல் ஆட்கள் இரண்டு மூன்று பேராக வரத் தொடங்கினார்கள். இடது கையை மடக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டு மெதுவாக நடக்கும் ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை மெஷின்களுக்கு விடுமுறை என்பதால் இரண்டு பிரிவு ஆட்களும் வந்திருந்தார்கள். அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒச்சாயி மாலையைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் லேத் பட்டறைக்காரர் நல்லகாமன்.

"நீங்க எந்த பெட்டு?" என்று அவர் கேட்டார்.

"நாலுங்க. திங்க, புதன், வெள்ளி."

நல்லகாமன் அவளை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். "எனக்கும் நாலுதான். பீமாராவ் சாருக்கு அப்பறம் மதிய ஷிப்ட்டு. மயிலு படம் ஒட்டி எழுதுனது நீங்கதானா?"

"மழை பேஞ்சுச்சா, கெணத்துல தண்ணி ஏறுச்சான்னு கேட்டு எழுதுனீகளே, அவுகளா?"

நல்லகாமன் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மூடியில் அளந்து ஊற்றி அவளிடம் நீட்டினார். அவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று கணக்கு. ஒச்சாயி அதை வாங்கிக் குடித்தாள்.

ஜமீல் பாய் ஓரமாக நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு வந்து ஒச்சாயியிடம் வார்டு எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு ஊசி போடுவார்கள் என்றெல்லாம் விசாரித்து, சட்டைப்பை டைரியில் எழுதிக்கொண்டார். கண்ணாடி இல்லாமல் எழுதியதால் எழுத்து கோடு தாண்டிப் போனது. எழுதிய அட்டைகளை வாங்கிப் போய்த் தபாலில் சேர்க்க நாளைக்கு யார் வருவார்கள் என்று அவள் கேட்டாள்.

"நான் வாரேம்மா" என்றார்.

தமிழ்வாணி பந்தல் கம்புக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். தமிழ்மாறன் நுஸைபாவிடம் பேசிக்கொண்டிருந்தான். நுஸைபா போனை எடுத்து எதையோ காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். குனிந்தவன் உடனே நிமிரவில்லை. பிறகு அங்கிருந்து நேராக அவளிடம் வந்தான்.

"பத்து அம்பதுக்கே உன்ட்ட சொல்லிட்டேங்குது அந்த நர்ஸு. ஆஸ்பத்திரிக்குப் போனது பதினொண்ணே முக்காலுக்கு. இடையில என்ன நடந்துச்சுக்கா?"

ஜமீல் பாய் இடையில் வந்தார்.

"தம்பி, அது என்னாலதான். ஓட்டுக்கு விடாம நான்தான் பேசிக்கிட்டே போனேன். புள்ளைக்குச் சொல்ல எடமே கொடுக்கல."

அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டால் போதும். இனி ஆயுசுக்கும் யாரும் கேட்க மாட்டார்கள்.

"இல்ல பாய்" என்றாள் தமிழ்வாணி. "நீங்க ஒண்ணும் பண்ணல. நான் அவர்ட்ட போய்ச் சொன்னேன்டா. பத்து நிமிஷம் கேட்டாரு. நான் குடுத்தேன்."

"குடுத்தியா?"

"ஆமா. அது இருவத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

தமிழ்மாறன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போது வண்டி வந்துவிட்டது என்று தெருமுனையிலிருந்து குரல் வந்தது. அவன் திரும்பிப் போனான். நீர் ஊற்றியபோதும், வேட்டி மாற்றியபோதும், நாலு பேரோடு சேர்ந்து தூக்கியபோதும் அவன் அவள் பக்கம் பார்க்கவே இல்லை. வார்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அப்பாவின் இடது கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். காலைத்தான் தொடுவார்கள் என்று எதிர்பார்த்திருந்த சொந்தக்காரர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

அவர்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம். தமிழ்வாணியும் நின்றாள். வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே தமிழ்மாறன் ஒரு பக்கப் பலகையில் தனியாக உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் பைக்குகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் வந்து கதவைச் சாத்தப் போனபோது அவன் கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தான்.

"ஏறு" என்றான்.

அவள் தெருமுனையில் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏறுக்கா. நேரமாச்சு."

அவள் ஏறி எதிர்ப் பலகையில் உட்கார்ந்தாள். கதவு சாத்தியதும் உள்ளே சாமந்தி வாசனை மூச்சை அடைத்தது. வண்டி மெயின் ரோட்டில் திரும்பியது. முதல் வேகத்தடையில் ஸ்ட்ரெச்சர் பின்னால் வழுக்கியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டி ஆளுக்கொரு பக்கக் கம்பியைப் பிடித்தார்கள். மயானம் போகும் வழியில் இன்னும் எத்தனையோ வேகத்தடைகள் இருந்தன. தமிழ்மாறன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி இருந்தான். கம்பியிலிருந்து இருவரும் கையை எடுக்கவில்லை.