அவிழ்க்காத கட்டு

எங்கள் ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவருக்குச் ‘சந்தேகம்’ என்று பெயர். யாராவது காலை வணக்கம் சொன்னால்கூட, எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்கிற ரகம். புதன்கிழமை பத்து மணிக்கு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

திரையில் என் தங்கையின் புரதம் ஓடிக்கொண்டிருந்தது. விரல் நுனி மரக்கிறது என்று போன வருடம் டாக்டரிடம் போனாள். ரத்தப் பரிசோதனையில் ஒரு புரதத்தின் மரபணுவில் பிசகு தெரிந்தது. யாரும் இதுவரை பார்க்காத பிசகு. கெடுதலா இல்லையா சொல்ல முடியாது, நரம்பிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். அவளுக்கு ஊசி என்றாலே உயிர் போகும்.

புரதம் மடிந்து நிற்கிறதா, பிரிகிறதா என்று கணினியில் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அவளுடையதைத் தண்ணீருக்குள் போட்டு, அணு அணுவாக நான்கு மாதம் ஓட்டினேன். மடிப்பு பிரிந்தால்தான் கெடுதல்; பிரியவில்லை. மூன்று மாதத்துக்கு முன் “ஒண்ணுமில்லடி, சும்மா இரு” என்று சொல்லிவிட்டேன். அவள் அன்றே பரிசோதனையை ரத்து செய்தாள்.

“சூடு ஏத்திப் பாத்தியாம்மா?” என்றார் சந்தேகம்.

“பாத்தேன் சார். கொதிக்கிற சூட்டுலயும் அசையல.”

“கொதிக்கிற சூட்டுல அசையாத புரதமா? பாறாங்கல்லா அது?”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மனுஷன் நல்ல செய்தியைப் பார்த்தால் பொறுக்கமாட்டார். வீம்புக்குத்தான், கணினிக்கு நான் எழுதிக்கொடுத்த கட்டளைக் கோப்பைத் திறந்து காட்டினேன்.

தப்பு பதினேழாவது வரியில் இருந்தது. கணினிக்குள் புரதத்தைச் சுற்றித் தண்ணீரை ஊற்றியதும் அது அலைக்கழிக்கும். அது அடங்கும்வரை புரதம் கலையாமலிருக்க ஒவ்வோர் அணுவையும் இருந்த இடத்திலேயே கட்டிவைப்போம். அடங்கியதும் அவிழ்த்துவிட வேண்டும். நான் அவிழ்க்கவே இல்லை. நான்கு மாதமும் கட்டிப்போட்டுவிட்டு, பார், எப்படி நிற்கிறது என்று பூரித்திருக்கிறேன். மற்றவர் வேலையாக இருந்தால் அசைவே இல்லை என்று காட்டிய வரைபடத்தின் தட்டைக் கோட்டைப் பார்த்த ஒரே நிமிடத்தில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். என் வேலை என்பதால் ஏதும் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

சந்தேகம் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

மாடிப்படிக்குப் போய்த் தங்கையைக் கூப்பிட்டேன்.

“நான் சொன்னது தப்பு. கம்ப்யூட்டர்ல உன் புரதத்தைக் கட்டிவச்ச கட்டை அவிழ்க்க மறந்துட்டேன். இத்தனை நாள் ஓட்டினது எதுக்கும் உதவாது. இன்னைக்கே டாக்டருக்குப் போன் பண்ணு.”

அந்தப் பக்கம் பாத்திரம் ஏதோ கீழே வைக்கும் சத்தம்.

“அக்கா, திட்டமாட்டியே?”

“என்னடி?”

“மரப்பு இப்ப முழங்கை வரைக்கும் வந்துருச்சு. ரெண்டு மாசமாச்சு. உன் கம்ப்யூட்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லிருச்சே, என் மனசுதான் சும்மா பயப்படுதுன்னு நெனச்சு உன்கிட்ட சொல்லல.”