சன்னாசி கட்டிய மூன்றடிப் படகு

"நீச்சல் தெரியாத மனுசனுக்குப் படகு எதுக்குங்கிறேன்?"

"எனக்கில்ல தாயி, கிராணி ஐயாவுக்குன்னு எத்தன தடவ..."

"அப்ப அவரையே கேட்டுடறேன், நாளைக்கு ஆளுங்க பேர் எடுக்க வருவாருல்ல..."

"கேட்டுக் கீட்டு வைக்காத! பெரிய எடத்துச் சமாச்சாரம்..."

"பெரிய எடம்! தலை பூரா மரத்தூளு, சட்டை பூரா பிசினு. தொவைக்கிறவ நான்தானே?"

ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டு பேசுவது அந்த வீட்டில் புதிதில்லை. தாயம்மாவுக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்ததால் சத்தம் கொஞ்சம் கூடியிருந்தது, அவ்வளவுதான். தோட்டத்து எழுத்தரான கிராணியின் பேரைச் சொல்லிச் சன்னாசி அளந்த பொய்தான் புதிது. ஆலைக் கொட்டகைக்குப் பின்னால் பதினைந்து நாளாக அவன் செய்துகொண்டிருந்தது படகு இல்லை, தொட்டில்.

அதை அவளிடம் சொல்ல முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் தலைப்பிள்ளைக்கு அவள் ஏழாம் மாதமே சட்டை தைத்தாள். பழைய சேலையை விட்டத்தில் தூளியாகக் கட்டி ஆட்டியும் பார்த்தாள். பிள்ளை ஒன்பது நாள்தான் இருந்தது. அதற்கப்புறம் அவள் வாயில் ஒரே சொல்: "பொறந்து அழுவுற வரைக்கும் அதுக்குன்னு ஒரு முழத் துணி கிழிக்கக் கூடாது. எடம் போட்டு வச்சா வேற எதாச்சும் வந்து உக்காந்துக்கும்." பொதுவாகவே நம் சனம் பிறக்குமுன் தொட்டில் வாங்காது. தாயம்மாவோ அந்தப் பேச்சு எழுந்தாலே காதைப் பொத்திக்கொள்வாள்.

சன்னாசிக்கு அந்த விட்டத்தில் மறுபடியும் ஒரு சேலை தொங்குவதைப் பார்க்கத் தெம்பில்லை. மரத்தில் செய்வோம், பிறக்கிறவரை கொட்டகையிலேயே கிடக்கட்டும் என்று ஆரம்பித்தான். ஜப்பான்காரன் காலத்தில் பாகான் நக்கோடா ஓமார் கடற்கரையில் படகு கட்டுகிறவரிடம் எடுபிடியாக இருந்தவன். பலகையை வளைக்க அவன் கைக்குத் தெரிந்த வளைவு அது ஒன்றுதான். முன்னும் பின்னும் மூக்குத் தூக்கி, நடுவே வயிறு வைத்து, தொட்டில் படகாகவே வந்துவிட்டது. பழக்க தோஷத்தில் பலகை இடுக்குக்கெல்லாம் குங்கிலியப் பிசின் வேறு அடைத்துவிட்டான்.

தாயம்மா கிராணியைக் கேட்கவில்லை. தண்ணிக் குழாயடியில் காளியண்ணன் பெண்டாட்டியிடம் சொன்னாள், "எங்க வீட்டு மகராசன் படகு கட்டுறாரு" என்று. சாயங்காலத்துக்குள் தோட்டத்து வரிசை வீடுகளான பத்து லயமும் படகு பேசியது.

அது எப்படிப்பட்ட காலம்? கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் அவசர காலம் போட்டு மூன்றாவது வருடம். லயத்தைச் சுற்றி முள்கம்பி. வாசலில் சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து காட்டிவிட்டுத்தான் வேலைக்காட்டுக்குப் போகலாம். ஒரு பிடி அரிசி வேலி தாண்டக் கூடாது. அரைக் கல் நடந்தால் சிலாங்கூர் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காடு, காட்டுக்குள்ளே பசியோடு துப்பாக்கிக்காரர்கள்.

சனிக்கிழமை மத்தியானம் காவல்காரச் செல்லன் துப்பாக்கியும் தொப்பியுமாகக் கொட்டகைக்கு வந்து நின்றான். இதே தோட்டத்துப் பையன்தான். உடுப்பு மாட்டி ஒரு வருடம்.

"அண்ணே, கடமைக்கு வந்திருக்கேன். தப்பா நெனைக்காதீங்க. யாருக்குப் படகு?"

"கிராணி ஐயாவுக்கு."

"கேட்டுட்டேன். அவருக்குத் தண்ணியைக் கண்டாலே தலை சுத்துமாம்."

சன்னாசி சாக்கை விலக்கிக் காட்டினான். செல்லன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"மூணடிதான் இருக்கு. ஆளு ஏற முடியாது. அரிசி ஏறும். ராவுல ஆத்துல விட்டா ஆளே இல்லாம அக்கரைக்குப் போயிரும். அதானே?"

"ஐயோ! இது ஆட்டுக்குக் கழனித்தண்ணி வைக்கறதுக்குலா!"

"ஆட்டுக்கு எதுக்கு நாலு பக்கமும் வளையம்?"

அதற்குள் லயமே திரண்டுவிட்டது. கூட்டத்தை வயிற்றால் தள்ளிக்கொண்டு தாயம்மா முன்னால் வந்தாள். தொட்டில் என்றால் அவள் நெஞ்சு உடையும். சொல்லாவிட்டால் கோலசிலாங்கூர் ஸ்டேஷன். அங்கே போன சிலர், பெண்டாட்டிக்குப் பிரசவம் முடிந்து பிள்ளை நடக்கிற காலத்தில்தான் திரும்பினார்கள். சன்னாசி அவளைப் பார்க்காமல் செல்லனிடம், "போலாம் வா, நடக்கறேன்" என்றான்.

"எங்க நடக்கறீங்க?" என்றாள் தாயம்மா. குனிய முடியாமல் குனிந்து, வளையங்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். நாலாவது வளையத்தில் கை நின்றது.

"செல்லா, இது தொட்டிலு."

"அண்ணி, புருசனைக் காப்பாத்த இப்படிச் சொல்றீங்க. பொறக்காத பிள்ளைக்கு நம்மாளு எவன் தொட்டில் செய்வான்? அதுவும் உங்க வீட்டுல? நீங்க ஒரு துணி கிழிக்க விட மாட்டீங்கன்னு எனக்கே தெரியும்."

கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. எப்படி மறுப்பது, உண்மைதானே?

தாயம்மா புருசனைப் பார்த்துச் சொன்னாள்: "தூக்குங்க. வீட்டுல கொண்டாந்து மாட்டுங்க."

"வேணாம் தாயி..."

"மாட்டுங்கன்னா மாட்டுங்க. படகா இருந்தா ஒரு பக்கம் சாயும். தொட்டிலா இருந்தா நேரா நிக்கும். செல்லன் பாக்கட்டும்."

அதே விட்டம். சன்னாசிக்கு முடிச்சு விழவில்லை. செல்லன் துப்பாக்கியைக் காளியண்ணன் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு, "கொண்டாங்க அண்ணே" என்று மறுமுனைக் கயிற்றைத் தானே இழுத்துக் கட்டினான். அவள் துப்பாக்கியைச் செத்த பாம்பு மாதிரி தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம்டா, வெடிச்சிரப் போவுது!" என்று கத்தினாள்.

தொட்டில் தொங்கியது, ஒரு விரற்கடை சாயாமல்.

தாயம்மா உள்ளே போய் அம்மிக்குழவியைக் கழுவி, மஞ்சள் தடவிக்கொண்டு வந்தாள். ஊரில் பேர் வைக்கிற அன்று பிள்ளைக்கு முன்னால் தொட்டிலில் குழவியைக் கிடத்துவார்கள். அவள் அதை இன்றைக்கே செய்தாள். புடவை முந்தானையை டர்ரென்று கிழித்து, குழவிக்குச் சுற்றி, படகின் வயிற்றில் கிடத்தினாள்.

"வெறுமனே இல்ல, பாத்துக்க. ஆள் இருக்கு. வேற எதுவும் வந்து உக்கார எடமில்ல" என்றாள். செல்லனிடம் சொன்ன மாதிரி இல்லை; விட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

செல்லன் தொப்பியைக் கழற்றினான். "எழுதிக்கறேன் அண்ணி. தொட்டில்னு எழுதிக்கறேன். ஆனா அண்ணே, பிசின் எதுக்கு?"

"அது... கைப்பழக்கம்."

"பிள்ளை ஒண்ணுக்குப் போனா உள்ளயே குளமா நிக்கப் போவுது. அடியில ஒரு ஓட்டை போடுங்க!"

சிரிப்பு லயத்துக் கடைசி வீடுவரை போனது. எல்லாரும் கலைந்தார்கள். ஆறு மணி ஊரடங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. வெயில் சாய்ந்து வாசல்வழியே உள்ளே வந்திருந்தது. சன்னாசி துளைப்பானை எடுத்துக்கொண்டு தொட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். கோபிப்பாள், அழுவாள் என்று காத்திருந்தான். அவள் காலை நீட்டி உட்கார்ந்து, தொட்டிலை ஒரு விரலால் ஆட்டிவிட்டாள்.

"ஆட்டாத, ஓட்டை கோணலாப் போயிரும்."

"போவட்டும்" என்றாள். இன்னொரு தரம் ஆட்டினாள். அப்புறம் மெதுவாக, யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்கிற மாதிரிக் கேட்டாள்:

"பொட்டப்புள்ளையா இருந்தா என்ன பேரு வைக்கலாம்னு இருக்கீங்க?"